ஐந்து சென்ட் தோட்டத்தில் ஊட்டச்சத்து வகுப்பு: கடலூர், புதுச்சேரி கிராமங்களுக்கான செய்முறை

கீரை நல்லது என்று கிராமத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளுக்கு எத்தனை கிராம், எந்த மாதத்தில் எது விளையும், அலசும்போது எது தண்ணீரோடு போகிறது, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரின் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வைக்கத் தோட்டம், தராசு, அடுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். படம் ஒட்டிய சுவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசிவிட்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பும் கூட்டத்தால் யார் வீட்டுக் குழம்பும் மாறாது.

இடமும் பட்டமும்

அங்கன்வாடி அல்லது பள்ளிக்குப் பக்கத்தில், தண்ணீர் எட்டும் தூரத்தில் 5 சென்ட் போதும். நெல் வயலை ஒட்டிய இடம் வேண்டாம். பக்கத்தில் மருந்தடித்தால் காற்றில் கீரைமேல் படியும். பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் ஊற்றுவதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் தொழு உரம் கூடுதலாக வேண்டும். பாத்திக்கு இரண்டு கூடை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் களிமண்ணில் பாத்தியை ஓரடி உயர்த்தாமல் எதையும் விதைக்காதீர்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கரையோர ஊர்களில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அங்கே பாலக்கும் பீட்ரூட்டும் தாங்கும், அவரையும் பீன்ஸும் தாங்காது. வைக்கோல் மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும், உப்பு மேலேறுவதும் குறையும்.

ஆடிப்பட்டத்தில் பந்தல் காய்களைத் தொடங்குங்கள். புடலை, பீர்க்கு, பாகல் எல்லாம் புரட்டாசிக்குள் காய்ப்புக்கு வந்துவிடும். கீரையை மட்டும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்பக்கூடாது. நாற்று அழுகும், முளைத்தது மண்ணோடு சாயும். அதனால் வகுப்புக்கான கீரைப் பாத்திகளைத் தையில் போடுவதே நல்லது. வகுப்பு நாளை ஊரின் வேலையைப் பார்த்துக் குறியுங்கள். டெல்டாப் பக்கத்தில் தை, மாசி சம்பா அறுவடை. பண்ருட்டிப் பக்கத்தில் பங்குனி முதல் முந்திரி பொறுக்கும் காலம். அந்த நாட்களில் பகலில் கூப்பிட்டால் வேலைக்குப் போகாத ஓரிருவர்தான் வருவார்கள்.

பாத்தி அமைப்பு

பாத்தி 3 அடி அகலம், 10 அடி நீளம். நடுவே ஓரடி நடைபாதை. இருபுறமும் உட்கார்ந்தே கை எட்டும். கீரைக்கு நான்கு பாத்திகள் ஒதுக்கி, வாரம் ஒன்றாக விதையுங்கள். முளைக்கீரை 21 முதல் 25 நாளில் பறிப்புக்கு வருவதால், நான்காவது வாரத்திலிருந்து முளைப்பு, களையெடுப்பு, நெருக்கமான நாற்றைக் கலைப்பது, பறிப்பு எல்லாம் ஒரே நாளில் கண்முன் நிற்கும். பாத்திக்கு 2 கிராம் விதையை 20 கிராம் மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகத் தடவி, பூவாளியால் தெளியுங்கள். விதை முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடியிருக்கும், அல்லது எறும்பு இழுத்துப் போயிருக்கும். பாத்தி ஓரத்தில் சாம்பல் தூவினால் எறும்பு அவ்வளவாக வராது. ஒரு பாத்தியில் 3 கிலோ வரை கிடைக்கும். 20 பேர் சமைத்துச் சாப்பிடத் தாராளம்.

வேலியோரம் செடிமுருங்கை 4, அகத்தி 2, கறிவேப்பிலை 2, பப்பாளி 2 குழி. பப்பாளிக் குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்தபின் ஆண் மரத்தை எடுத்துவிடுங்கள். முருங்கைக்கு நீர் தேங்கக்கூடாது, மேட்டில் நடுங்கள். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும், இலை பறிக்க எட்டும், புயல் காற்றுக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மீதிப் பாத்திகளில் வெண்டை, கொத்தவரை, கத்தரி. விதைக்கு பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம், புதுச்சேரியில் குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றில் கேட்கலாம்.

வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர். புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி 10 லிட்டர் ஆக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். ஆட்டுக்கு மட்டும் எந்தக் கரைசலும் கிடையாது, வேலி ஒன்றுதான். வேலி போடாமல் விதைப்பது ஊர் ஆட்டுக்கு விருந்து வைப்பதுதான்.

ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம்

20 பேருக்கு மேல் வேண்டாம். வந்ததும் பறிக்கச் சொல்லாதீர்கள், முதலில் தராசு. 5 கிலோ சமையல் தராசின் அருகே காய்கறிக் குவியல் இருக்கட்டும். “நேற்று வீட்டுக்கு எவ்வளவு காய் போட்டீங்க, அந்த அளவை எடுங்க” என்று கேளுங்கள். எடையைத் தலை எண்ணிக்கையால் வகுத்துப் பெயர் போடாமல் பலகையில் எழுதுங்கள். பெயர் எழுதினால் அடுத்த வாரம் கூட்டம் பாதியாகும். பக்கத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு: ஒருவருக்கு நாளுக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம். ஐந்து பேர் குடும்பத்துக்குக் காய்கறி மட்டும் 2 கிலோ. அந்த 2 கிலோவை ஒரு கூடையில் வைத்துக் காட்டுங்கள். “இம்புட்டா?” என்று யாராவது கேட்பார்கள், பாடம் அங்கிருந்து தொடங்கும்.

பிறகு பறிப்பு, சமையல். 20 பேருக்கு: ஆய்ந்த முளைக்கீரை 2 கிலோ, பாசிப்பருப்பு 400 கிராம், வறுத்துப் பொடித்த நிலக்கடலை 300 கிராம், எலுமிச்சை 4, நெத்திலி 1 கிலோ. சமைக்கும்போதே இவற்றைச் சொல்லுங்கள்:

- கீரையை முழுதாக மூன்று தண்ணீரில் அலசிய பிறகே அரியுங்கள். அரிந்தபின் அலசினால் வைட்டமின் சி-யும் ஃபோலிக் அமிலமும் தண்ணீரில் போய்விடும்.
- குறைந்த தண்ணீர், 5 முதல் 7 நிமிடம். வெந்த நீரைக் கொட்டாமல் பருப்போடு சேருங்கள். பச்சை நிறத்துக்காகச் சோடா உப்பு வேண்டாம்.
- தாளிப்பு எண்ணெயை முழுதாகத் தவிர்க்காதீர்கள். கீரையின் பீட்டா கரோட்டினை உடல் எடுக்க எண்ணெய் வேண்டும்.
- எலுமிச்சையை இறக்கியபின் பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும், மீனும் உதவும். சாப்பிட்டதும் குடிக்கும் டீ கெடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.
- சுருங்கிய, கறுத்த, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

முள்ளோடு தின்னும் சிறு மீனுக்குத் தனியாகவே நேரம் கொடுங்கள். கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் விலை மலிவாகக் கிடைக்கும் நெத்திலியில் உள்ள கால்சியம் முள்ளில்தான் இருக்கிறது. கரையை விட்டு உள்ளே போகப்போக மீன் விலை கூடும். அங்கே முட்டையும் கேழ்வரகும் வையுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் சுமார் 10 தான்.

“ராத்திரியில கீரை ஆகாது”, “அகத்தியை அடிக்கடி சாப்பிடக்கூடாது” என்று பேச்சு வரும். வாதாட வேண்டாம். மதியச் சமையலில் கீரை வந்துவிட்டால் காரியம் முடிந்தது.

சிக்கல் அறிவில் இல்லை, பரிமாறும் வரிசையில் இருக்கிறது. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போக மிஞ்சியதை அம்மா சாப்பிடும் வீட்டில், இரத்தசோகை அவரிடம்தான் நிற்கும். சமைத்து முடித்ததும் தன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவிட வேண்டும் என்பதை வகுப்பிலேயே செய்து பழக்குங்கள். ஒரு வகுப்புக்கு மாமியாரையும் கணவரையும் கட்டாயம் அழையுங்கள். கிண்ணம் அவர்கள் முன்னால் எடுக்கப்பட்டால்தான் வீட்டிலும் எடுக்கப்படும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்புச் சாதத்தோடு ஒரு தேக்கரண்டி கடைந்த கீரை, அரைத் தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய். ஒரு வயதுவரை தேன் கூடாது; தனியாக உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

எதை அளப்பது

இரத்தம் எடுப்பது உங்கள் வேலையில்லை. அதைக் கிராம சுகாதாரச் செவிலியர் பார்ப்பார். கீரை சாப்பிடுகிறோமே என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு; அப்படி நிறுத்தக்கூடாது என்று கர்ப்பிணிகளிடம் தவறாமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் நினைவூட்டுங்கள். புழு இருக்கும் வயிற்றில் கீரை முழுதாகப் பயன்படாது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அங்கன்வாடிக்குத் தெரிவியுங்கள், 11.5-க்குக் கீழ் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

பெண்களிடம் நேற்று ஒரு நாளில் சாப்பிட்டதைக் கேட்டு பத்து வகைகளில் குறியுங்கள்: தானியமும் கிழங்கும், பருப்பு வகைகள், நிலக்கடலை போன்ற கொட்டைகளும் எள் போன்ற விதைகளும், பால், மீன் அல்லது இறைச்சி, முட்டை, கரும்பச்சைக் கீரை, மஞ்சள் ஆரஞ்சு நிறக் காய் பழங்கள், மற்ற காய்கள், மற்ற பழங்கள். ஐந்துக்குக் குறைந்தால் உணவில் வகை போதவில்லை. தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் கேட்டு ஒப்பிடுங்கள். மழைக்காலத்தில் எண் குறைவது இயல்பு. தை மாத எண்ணோடு ஐப்பசி எண்ணை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

கடைசி வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஐந்து விதைப் பொட்டலம், ஒரு முருங்கைக் கன்று. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கே போய்ப் பாருங்கள். செடி நிற்காத வீட்டில் தண்ணீரா, இடமா, கோழியா என்று கேளுங்கள். இடமில்லை என்றால் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, பாத்திரம் கழுவும் நீரைச் சோப்பில்லாமல் ஊற்றினாலே வெந்தயக்கீரையும் புதினாவும் வரும். நன்றாக விளைந்த வீட்டில் வேறொரு ஆபத்து உண்டு: காய் முழுவதும் சந்தைக்குப் போய்விடும். இரண்டு பறிப்பு வீட்டுக்கு, மூன்றாவது விற்பனைக்கு என்று குழுவிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கீரைப் பாத்தியில் ஒரு வரிசையைப் பறிக்காமல் விட்டால் மூன்று மாதத்தில் விதை முற்றும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து துணிப்பையில் கட்டிவைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை.