ஏப்ரலில் ஆல்ப்ஸ்: முதல் தடவை ஸ்கீ பழகப் போகிறவர்கள் ரிசார்ட்டைத் தேர்வு செய்வது எப்படி?

ஸ்கீ (பனிச்சறுக்கு) ரிசார்ட் விளம்பரங்களில் ஓர் உயரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரான்சின் தீன் என்றால் 3,456 மீட்டர், சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்றால் 3,883 மீட்டர். கடைசி கேபிள் கார் போய் நிற்கும் இடத்தின் உயரம் அது. புதிதாகப் பழகுகிறவருக்கு அங்கே வேலை இல்லை. அவர் நாள் முழுக்க ஏறி இறங்கப் போவது பழகுநர் சரிவில், அதாவது புதியவர்கள் பழகுவதற்கென ஒதுக்கிய மிதமான சரிவில். பல ஊர்களில் அந்தச் சரிவு ஊரை ஒட்டி, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் அமைந்திருக்கும். ஏப்ரலில் முதலில் புல் தலைகாட்டுவதும் அங்கேதான். மலை உச்சியில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தாலும் உங்களுக்குப் பயன் இல்லை.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

முதலில் ஈஸ்டர் எப்போது என்று பாருங்கள். 2027-இல் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16. தாழ்வான ரிசார்ட்டுகள் பல ஈஸ்டரையொட்டி மூடிவிடும். உயரமான ரிசார்ட்டுகளில் ஈஸ்டர் வாரம் கூட்டமும் வாடகையும் ஏறும், அது கழிந்ததும் இறங்கும். பிரான்சில் மட்டும் பள்ளி விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரிந்து ஏப்ரலில் பல வாரங்கள் நீளும். அங்கே போவதானால் அந்த அட்டவணையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: மூன்று உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: ஊரின் உயரம், பழகுநர் சரிவின் உயரம், அடுத்த கட்டமாக நீங்கள் போகக்கூடிய எளிய பாதைகளின் உயரம். பிரான்சில் எளிய பாதைகளுக்குப் பச்சை, நீலம் என்று இரண்டு நிறங்கள். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பொதுவாகப் பச்சை கிடையாது, நீலத்திலிருந்துதான் தொடங்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. 1,000 மீட்டரில் 12 டிகிரி இருக்கும் பகலில் 2,300 மீட்டரில் 3, 4 டிகிரிதான் இருக்கும். பனி கூழாவதும் நிற்பதும் அந்த வித்தியாசத்தில்தான். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பழகுநர் சரிவு 1,800 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். கடைசி வாரம் என்றால் 2,000 மீட்டருக்குக் கீழே யோசிக்க வேண்டாம்.

சில ஊர்களை வைத்துப் பார்ப்போம். பிரான்சின் வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது, பழகுநர் சரிவும் ஊருக்குள்ளேயே. தீன் ஊரின் ஏரிக்கரைப் பகுதி 2,100 மீட்டர். ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல் 1,930 மீட்டர். ஏப்ரல் நடுப்பகுதிக்கு இவை மூன்றும் புதியவர்களுக்குத் தைரியமாகச் சொல்லக்கூடியவை.

ஆஸ்திரியாவின் சோல்டன் வேறு வகை. ஊர் 1,370 மீட்டரில், ஏப்ரலில் பெரும்பாலும் பச்சையாகவே தெரியும். ஆனால் ஊரிலிருந்து கொண்டோலாவில் (கம்பியில் தொங்கிச் செல்லும் சிறு கூண்டு) ஏறினால் 2,280 மீட்டரில் கிகியோக் என்ற அகன்ற எளிய பகுதி இருக்கிறது, பயிற்சி வகுப்புகளும் அங்கே நடக்கின்றன. இத்தாலியின் செர்வீனியாவிலும் அப்படித்தான், 2,550 மீட்டரில் உள்ள பிளான் மெசோனுக்கு ஏறிப் போய்ப் பழகலாம். இப்படிப்பட்ட ஊரில் மாலையில் சறுக்கி இறங்க முயல வேண்டாம். கொண்டோலாவிலேயே இறங்குங்கள். கடைசி கொண்டோலா எத்தனை மணிக்கு, உங்கள் பாஸ் (லிஃப்டுகளில் ஏறுவதற்கான சீட்டு) இறங்கவும் செல்லுமா என்ற இரண்டையும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஆஸ்திரியாவின் புகழ் பெற்ற கிட்ஸ்பூயல் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதன் உச்சியே சுமார் 2,000 மீட்டர்தான். ஜனவரியில் அருமையான ஊர், ஏப்ரலில் பழகப் போகிறவருக்கு அல்ல. செயற்கைப் பனி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அந்த இயந்திரம் நன்றாக ஓட, காற்று பொதுவாகப் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். ஏப்ரலில் நீங்கள் பார்ப்பது குளிர்காலத்தில் அடித்து வைத்த பனியின் மிச்சம்.

பனியாறு (மலைமேல் நிலையாகக் கிடக்கும் பெரும் பனிப்பாளம்) உள்ள இடமே பாதுகாப்பு என்ற எண்ணமும் பாதிதான் சரி. ஹின்டர்டுக்ஸ் (ஆஸ்திரியா), செர்மாட் போன்ற இடங்களில் ஆண்டு முழுக்கப் பனி இருக்கும். ஆனால் அந்த உயரத்தில் பலத்த காற்று வீசினால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். தாழ்வான சரிவுகளும் கரைந்துபோயிருந்தால் அன்றைய நாள் வீண். மரங்கள் வளராத உயரம் என்பதால் மேகம் இறங்கினால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும், புதியவர் நின்ற இடத்திலேயே விழுவார்.

படி 3: சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது?

வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு, பனி நெடுநாள் நிற்கும். தெற்கு பார்த்தது முதலில் கரையும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: ரிசார்ட் தரும் பாதைப் படம் ஓவியம் போல வரையப்பட்டது, அதில் மேல் பக்கம் வடக்கு என்று நினைக்கக் கூடாது. சாதாரண வரைபடத்தைத் திறந்து, சரிவின் மேல் முனையையும் கீழ் முனையையும் வைத்துத் திசையைச் சரிபாருங்கள்.

படி 4: எந்த லிஃப்ட் (சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் கம்பி வண்டி) எதுவரை ஓடும்?

அறிவிக்கப்பட்ட மூடும் தேதி ரிசார்ட் முழுமைக்குமானது. கடைசி இரண்டு வாரங்களில் தாழ்வான லிஃப்டுகளும் பக்கத்துப் பள்ளத்தாக்கை இணைக்கும் லிஃப்டுகளும் முன்னதாகவே நின்றுவிடலாம். பாஸ் வாங்குமுன் ஒரு மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: பழகுநர் லிஃப்டு எந்தத் தேதி வரை ஓடும், பயிற்சி வகுப்பு அந்த வாரம் உண்டா, பழகுநர் பகுதிக்கு மட்டும் தனிப் பாஸ் உண்டா? முதல் மூன்று நாட்களுக்கு முழுப் பாஸ் தேவையே இல்லை.

படி 5: பயணத்துக்கு முந்தைய வாரம்

அறையை ரத்து செய்யக்கூடியதாகப் பதிவு செய்திருந்தால் இந்தப் படி உங்களைக் காப்பாற்றும். பழகுநர் பகுதியின் வெப்கேமை மதியம் 2 மணிக்குப் பாருங்கள், காலையில் எல்லாச் சரிவும் அழகாகவே தெரியும். வானிலை அறிக்கையில் இரவு வெப்பத்தையும் மேகத்தையும் கவனியுங்கள். வசந்தகாலப் பனி நன்றாக இருக்க அது இரவில் உறைய வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டு இறுகும், காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட. மேகம் மூடிய இரவில் சூடு வெளியேறாது, மறுநாள் காலையிலேயே கூழ்தான். தொடர்ந்து மூன்று நான்கு இரவு மேகமும் மழையும் என்றால் இன்னும் உயரமான ஊருக்கு மாறுங்கள்.

படி 6: காப்பீடு, விசா, வாடகைப் பொருள்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். விசாவுக்காக எடுக்கும் மலிவான காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு சேராது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பிரான்சில் சரிவிலிருந்து தூக்கி வருவதற்கே தனிக் கட்டணம் உண்டு.

ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது ஈரப் பனிக்கான மெழுகு போட்டுத் தரச் சொல்லுங்கள். மதியப் பனியில் தண்ணீர் அதிகம், அது ஸ்கீயின் அடியில் ஒட்டி இழுக்கும். ஓடிக்கொண்டிருந்த ஸ்கீ சட்டென்று நிற்க, ஆள் முன்னால் விழுகிறார். முழங்காலுக்கு அது நல்லதல்ல. கையுறை இரண்டு ஜோடி, எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரை 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பகுதியிலும் தாடையின் கீழும் தடவ மறக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த பின் நேரக் கணக்கு இது: காலை 9 மணிக்குச் சரிவு கண்ணாடி போல் இறுகியிருக்கும், புதியவருக்கு வேண்டாம். 10 மணி வாக்கில் மேல்பரப்பு ஒரு விரல் ஆழத்துக்கு இளகி, சோளக் குருணை போல் ஆகும். அப்போது தொடங்குங்கள். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு. பனி கணுக்கால் வரை அமுங்க ஆரம்பித்தால், பெரும்பாலும் 1 மணிக்கு மேல், ஸ்கீயைக் கழற்றிவிடுங்கள். அந்த நேரத்தில் குறியிட்ட பாதையை விட்டு விலகவே கூடாது. ஈரப் பனி மொத்தமாகச் சரிந்து வருவது பெரும்பாலும் பிற்பகலில்தான்.