ஜீப்பின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிவை நாமே சரிசெய்யும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அந்த ஏற்றம் முழுவதையும் சிறிய கியர்களில் முக்கி ஏறிவிட்டு, மேலே போனதும் தோட்டத்துக் கற்பாதையில் குலுங்கத் தொடங்குகின்றன. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சர் குழாய்க்குத் தள்ளும் மேனிஃபோல்ட், ஏற்றத்தில் பழுக்கக் காய்ந்து, மேட்டின் பனிக்காற்றில் சட்டென்று குளிர்ந்து, நாள்தோறும் இதே பாட்டைப் படுகிறது. பல ஆண்டுகள் அப்படி உழைத்த என்னுடைய மகிந்திரா டி.ஐ. ஜீப்பில் ஓராண்டுக்குள் இரண்டு முறை கேஸ்கட்டை, அதாவது மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்க வைக்கும் தகட்டை, மாற்றியும் கசிவு நிற்கவில்லை. மூன்றாம் முறை நானே கழற்றிப் பார்த்து, காரணத்தைக் கண்டு சரிசெய்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

கசிவுதானா என்று உறுதிசெய்தல்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, வண்டி சூடேறியதும் சத்தம் குறைந்தால், பலர் அதை டேப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால்தான் கசிவின் சத்தமும் அப்படிக் குறைகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எரியும் ஊதுபத்தி ஒன்றை மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் விளிம்பு நெடுகக் கொண்டு போங்கள். கசியும் இடத்தில் ஊதுபத்தியின் புகை வெட்டி வெட்டித் தள்ளப்படும். டீசல் ஒழுகலோ துணியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. ஃபேன் பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளியே வைத்திருக்க வேண்டும். கேஸ்கட் ஓரத்தில் விசிறிபோல் படிந்திருக்கும் கரியும் நல்ல அடையாளம். என் வண்டியில் அது நான்காவது சிலிண்டருக்கு அடியில், கட்டைவிரல் அகலத்துக்குப் படிந்திருந்தது.

இந்தச் சோதனையைத் திறந்தவெளியிலேயே செய்யுங்கள். புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய ஷெட்டில் அது ஆளைக் கொல்லும்.

கழற்றுதல்

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு நீக்கும் எண்ணெயை அடித்து, படுக்கப் போகும் முன் ஒருமுறையும் விடிந்ததும் ஒருமுறையும் மீண்டும் அடியுங்கள். இந்த ஓரிரவுப் பொறுமை பின்னால் ஒரு முழு நாள் வேலையை மிச்சப்படுத்தும். காலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் குழாய் போன்ற மறைப்புகளை விலக்கி, கீழே சைலன்சரின் முன் குழாய் சேரும் ஃப்ளாஞ்சை (போல்ட்டால் பூட்டும் விளிம்புத் தகட்டை) முதலில் விடுவியுங்கள்.

மேனிஃபோல்ட் நட்டுகளுக்கு ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டு முனை பாக்ஸ் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஓப்பன் ஸ்பேனரை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். நட்டை முதலில் ஒரு நூல் அளவு இறுக்கி, பிறகு தளர்த்தி, மீண்டும் இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக அசைத்தே எடுக்க வேண்டும். ஸ்பேனர் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் கொடுத்தால் ஸ்டட், அதாவது ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் மரைக்கம்பி, முறியும். என் வண்டியில் கடைசி ஸ்டட் அப்படித்தான் முறிந்தது.

முறிந்த ஸ்டட்

எனக்கு இரண்டு நாள் பிடித்த வேலை இது. ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் சற்றுப் பெரிய நட் ஒன்றை வைத்து, உள்வட்டத்தை வெல்டிங்கால் நிரப்பி, செஞ்சூடு தணிந்ததும் மெதுவாகத் திருப்புவதே சிறந்த வழி. வெல்டிங்கின் சூடு துருவின் பிடியையும் தளர்த்திவிடுகிறது. முதல் இரண்டு நட்டுகள் பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம். எனக்கு நான்காவது நட்டில்தான், மெல்லிய ‘கிறீச்’ ஒலியுடன், ஸ்டட் கால் சுற்று நகர்ந்தது.

ஹெட்டின் மட்டத்திலேயே முறிந்திருந்தால் துளையிடத்தான் வேண்டும். சரியான நடுவில் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டின் 1.25 பிட்ச் மரைக்கு 6.8 மில்லிமீட்டர் துளையும், 10 மில்லிமீட்டர் ஸ்டட்டின் 1.5 பிட்ச் மரைக்கு 8.5 மில்லிமீட்டர் துளையும் போதும். அதற்கு மேல் போனால் ஹெட்டின் மரை போய்விடும். பக்கத்து ஸ்டட்டின் ஆழத்தை அளந்து பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் துளைக்கு அப்பால் தண்ணீர் ஓடும் அறை இருக்கலாம். முறிந்த ஸ்டட்டின் துளையில் செருகித் திருகி எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறுதியேற்றிய எஃகாலான அது உள்ளே முறிந்தால், சாதாரண பிட் எதுவும் அதைத் துளைக்காது.

கசிந்ததற்கான காரணம்

புதுக் கேஸ்கட் வைப்பதற்கு முன், பழையது ஏன் போனது என்று பார்த்தே ஆக வேண்டும். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீள்கிறது. ஹெட் அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆகவே மேனிஃபோல்ட் ஹெட்டின்மேல் வழுக்கி நகர்ந்தாக வேண்டும். அதற்காகவே ஸ்டட்டைவிட அதன் துளைகள் சற்றுப் பெரிதாக இருக்கின்றன. அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த நகர்வு தடைப்பட்டு, அதிகம் இழுபடும் இரு ஓரங்களில் ஸ்டட் முறிகிறது, அல்லது மேனிஃபோல்டே வளைகிறது.

இரண்டு முகங்களையும் ஸ்கிரேப்பரால் சுத்தம் செய்யுங்கள். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்ட வேண்டும், கிரைண்டர் வேண்டாம். ஹெட்டின் போர்ட்டுகளை (புகை வெளிவரும் வாய்களை) துணியால் அடைக்கும்போது எத்தனை துணி என்று எண்ணிவைத்து, பிறகு அதே எண்ணிக்கையில் எடுங்கள். அடுத்து நேரான எஃகு ஸ்கேலை மேனிஃபோல்டின் முகத்தில் நீளவாக்கில் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்த வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. என்னுடையதில் 0.4 தகடு தடையில்லாமல் நுழைந்தது. முன்பு போட்ட இரண்டு கேஸ்கட்டும் வீணானது அதனால்தான்.

வளைவுக்குத் துணையாக இன்னொரு காரணமும் கீழே இருந்தது. சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து, குழாயின் எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கியது. கற்பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் அதை நெம்பியிருக்கிறது. விலை குறைந்த அந்த ரப்பரை மாற்றாமல் மேலே என்ன செய்தாலும் நிலைக்காது.

மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் சாதாரண வெல்டிங் ராடு உதவாது. பற்றவைத்த இடத்தின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடால் சிறிது சிறிதாகப் பற்றவைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடும் வெல்டர் கிடைத்தால் கொடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு மேனிஃபோல்ட் வாங்குவதே நல்லது.

பூட்டுதல்

கேஸ்கட்டுடன் சிலிகான் பசை தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மலையேற்றத்தில் வரும் சூட்டில் அது கருகி, அந்த இடம் இடைவெளியாகிவிடும். சாதாரண ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் விறைப்பை இழந்துவிடுவதால், செம்பு பூசிய பூட்டு நட்டுகளையே நான் போடுகிறேன். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஓட்டி, பிறகு நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி மாறி மாறி, மூன்று தவணையாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முதன்மையானது. அது கையில் இல்லாதபோது 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை போதுமானது. இது கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும். தோன்றினாலும் அங்கேயே நிறுத்துங்கள். முன் குழாயை இழுத்துப் பிடித்துப் பூட்டாமல், தாங்கும் ரப்பரில் அதைத் தொங்கவிட்டு, ஃப்ளாஞ்ச் தானாகப் பொருந்தும் நிலையில் பூட்ட வேண்டும்.

மூன்று முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது அதே அளவில் ஒருமுறை சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: இதன்படி செய்த நண்பர் ஒருவருக்குச் சத்தம் நின்றும் ஏற்றத்தில் கரும்புகையும் இழுவைக் குறைவும் நீடித்தன. அவருடையது டர்போ வண்டி, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி உள்ளது. அதில் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் இடையே தனி கேஸ்கட் உண்டு. அங்கே கசிந்தால் டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வீணாகி, இன்ஜினுக்குக் காற்று குறைந்து கரும்புகை வருகிறது. டர்போ வண்டிக்காரர்கள் ஊதுபத்தியை அந்த இணைப்பிலும் சுற்றிக் காட்டிப் பார்த்துவிட்டே கழற்றத் தொடங்குங்கள்.