கோவளத்துக்குத் தெற்கே படமெடுக்கப் போகிறீர்களா?

கோவளம் தாண்டி வடநெம்மேலி, பட்டிப்புலம், சாளுவன்குப்பம் என்று ஈசிஆரிலிருந்து கிழக்கே இறங்கினால், சென்னைக்கு இவ்வளவு பக்கத்திலா என்று வியக்கவைக்கும் கரைகள். அங்கே கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அந்தக் கரை காலியாகக் கிடக்கிறது என்று நினைப்பதால் வருகிறது.

ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். டார்ச்சோ ஃபிளாஷோ அடித்தால் தாய் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று ஓடுபவை. நம் விளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் திரும்பிய குஞ்சு விடிவதற்குள் நாய்க்கோ, விடிந்ததும் காக்கைக்கோ இரை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. இந்த மாதங்களில் இரவுப் படமே வேண்டாம் என்பேன்.

மேட்டில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் மிதித்துக்கொண்டு உயரம் தேடாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துபவை அவைதான்.

காலையில் ஃபைபர் படகுகள் அலையோடு அலையாக வேகமாகக் கரையேறும். நினைத்த இடத்தில் நிறுத்த ஓட்டுபவர்களால் முடியாது. நல்ல கோணம் என்று அந்த வழியில் நிற்பது பெரிய ஆபத்து. காயும் வலையில் கால் வைக்காதீர்கள். ஆட்களை எடுப்பதற்கு முன் "அண்ணா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். சூரியன் ஜூனில் 5.45-க்குள், ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கில் உதிக்கும். உதயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தாமதம். முக்கால் மணி முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். நீல வெளிச்சம் அப்போதுதான். எட்டு மணிக்கு மேல் கடலைப் பார்த்து எடுத்தால் வானம் வெளுத்துவிடும், திரும்பிக் கரையை எடுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். ஈர மணலில் ஃபிரேமை முடிவு செய்துவிட்டு நடங்கள், இல்லையென்றால் உங்கள் கால்தடமே படத்தைக் கெடுக்கும்.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தில் டிரைபாடோடு இறங்காதீர்கள். நீர் உள்ளே இழுக்கும் இடம் அது. ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மோசம்.

ஆமைத் தடத்தைப் பகலில் எடுத்துப் போடுகிறீர்கள் என்றால், லொக்கேஷனை நீக்கிவிட்டுப் போடுங்கள். முட்டை திருடுபவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.