மாதம் ஒரே ஒரு ஓவியம்

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்குள் பத்திரப்படுத்தினார்கள். கேலரியில் வெறும் சுவர்கள்தான் மிச்சம். மக்கள் ஏங்கிக் கேட்கவே, 1942-இல் மாதம் ஒரே ஒரு ஓவியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்கவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மனசு சரியில்லாத நாட்களுக்கு இது நல்ல வழி. அந்த கேலரியின் இணையதளத்தில் ஓவியங்களைக் காசில்லாமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மாதம் முழுக்க அது மட்டும்தான். ராத்திரி படுத்துக்கொண்டு செய்திகளைத் தள்ளிக்கொண்டே இருப்போமே, அதில் பத்து நிமிடம் போதும்.

நான் தொடங்கியது இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'நோலி மே தான்ஜரே' ('என்னைத் தொடாதே'); உயிர்த்தெழுந்த இயேசுவை அவருடைய சீடர் மகதலேனா மரியாள் சந்திக்கும் காட்சி. போர்க்காலத்தில் மாட்டியவற்றில் அதுவும் ஒன்று. முதலில் இயேசுவும் மண்டியிட்ட மகதலேனாவும்தான் தெரிந்தார்கள். அப்புறம்தான் அவர் கையிலிருந்த களைக்கொத்து கண்ணில் பட்டது! (பைபிள் கதையில் அவரை முதலில் தோட்டக்காரர் என்றல்லவா அவள் நினைத்தாள்.) தூரத்து நீலக் கடலுக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு வாரம் ஆனது.

ஒன்று மட்டும்: பக்கத்தில் இருக்கும் விளக்கத்தைக் கடைசி வாரத்தில் படியுங்கள். முதலிலேயே படித்தால் கண் சோம்பேறியாகிவிடுகிறது.