தொலைவு–காலம், வேகம்–காலம் வரைபடங்களை வாசிப்பது எப்படி?

வரைபடம் கைக்கு வந்ததும் கோட்டைப் பார்க்காதீர்கள். செங்குத்து அச்சில் எழுதியிருப்பது தொலைவா, வேகமா என்று முதலில் பாருங்கள். தொலைவு என்றால், கிடையாக ஓடும் கோடு நிற்கும் வண்டியைக் குறிக்கும். வேகம் என்றால், அதே கோடு சீராக ஓடும் வண்டி.

கோடு, சாலையின் படமும் அல்ல. நெல்லை ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறது. அதற்காக வரைபடத்தில் மேடு போடக் கூடாது. பாலத்தில் இறங்கும்போதும் பஸ் கடந்த தொலைவு கூடிக்கொண்டேதான் இருக்கும், கோடும் ஏறிக்கொண்டேதான் போகும்.

ஒரு கணக்கை வரைந்து பார்ப்போம். ஸ்டாப்பில் நின்ற பஸ் 10 வினாடியில் சீராக 10 மீ/வி (வினாடிக்கு 10 மீட்டர்) வேகத்தை எட்டுகிறது, அதே வேகத்தில் 30 வினாடி ஓடுகிறது, பிரேக் போட்டு 5 வினாடியில் சீராக நிற்கிறது.

வேகம்–காலம் வரைபடத்துக்குக் கிடை அச்சில் 1 செ.மீ. = 5 வினாடி, செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 2 மீ/வி என்று வையுங்கள். (0, 0), (10, 10), (40, 10), (45, 0) ஆகிய புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தால் சரிவகம் கிடைக்கும். கோட்டின் சாய்வு (செங்குத்து மாற்றம் ÷ கிடை மாற்றம்) முடுக்கத்தை, அதாவது வேகம் மாறும் வீதத்தைத் தரும்: புறப்படும்போது 10 ÷ 10 = 1 மீ/வி², பிரேக்கில் –2 மீ/வி². பிரேக் கோடு கீழே இறங்குவதால் பஸ் திரும்பி வருகிறது என்று எழுதிவிடாதீர்கள். வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, கடந்த தொலைவு: முதல் முக்கோணம் 50 + நடுச் செவ்வகம் 300 + கடைசி முக்கோணம் 25 = 375 மீட்டர். கட்டம் எண்ணியும் சரிபார்க்கலாம். இந்த அளவுத்திட்டத்தில் ஒரு சதுர செ.மீ. 5 × 2 = 10 மீட்டர்; 37.5 கட்டம் வர வேண்டும். 37.5 மீட்டர் என்று விடை வந்தால், அளவுத்திட்டத்தால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். வேகத்தை மணிக்கு 36 கி.மீ. என்று வைத்துக்கொண்டு வினாடியால் பெருக்கினாலும் விடை கெடும். முதலில் 5/18-ஆல் பெருக்கி மீ/வி ஆக்குங்கள்.

இனி தொலைவு–காலம் வரைபடம். அதிகம் சறுக்குவது முதல் 10 வினாடியில்தான். (0, 0)-யையும் (10, 50)-யையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், பஸ் கிளம்பிய நொடியிலிருந்தே 5 மீ/வி வேகத்தில் ஓடியதாக ஆகிவிடும். 2, 4, 6, 8, 10-ஆவது வினாடிகளில் தொலைவு 2, 8, 18, 32, 50 மீட்டர். இவற்றைக் குறித்துக் கையால் வளைத்து இணையுங்கள். அங்கிருந்து (40, 350) வரை நேர்கோடு. பிறகு 42-இல் 366, 44-இல் 374, 45-இல் 375 என்று கோடு மெல்லப் படுத்துவிடும்.

நேர்கோட்டின் சாய்வு வேகம்: (350 – 50) ÷ (40 – 10) = 10 மீ/வி. சாய்வு காணக் கோட்டின் கீழ் வரையும் முக்கோணத்தைப் பெரிதாக எடுங்கள். சின்ன முக்கோணத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடை வெகுவாக மாறும். வளைவில் என்றால், வேண்டிய புள்ளியில் தொடுகோடு (அந்தப் புள்ளியில் வளைவைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு) வரைந்து அதன் சாய்வைக் காண வேண்டும். சராசரி வேகத்துக்கு 375-ஐ 45-ஆல் வகுங்கள். 8.33 மீ/வி, அதாவது மணிக்கு 30 கி.மீ. வரும். 0, 10, 0 என்ற வேகங்களைக் கூட்டி வகுப்பது தவறு.

நேரில் அளந்து வரைய நாகர்கோவில் சாலை தோதானது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கிலோமீட்டர் கல் தாண்டும்போதும் போனின் ஸ்டாப்வாட்சில் ‘லேப்’ தட்டுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 60 வினாடி ஆனால் மணிக்கு 60 கி.மீ., 50 வினாடி ஆனால் 72 கி.மீ. இடையில் ஒரு கல் கண்ணில் படாமல் போனால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததை 2 கி.மீ. தள்ளிக் குறியுங்கள்.