வீஆர்சாட் கேமரா: படம் கெடுவது எங்கே?

வீஆர்சாட் என்பது ஆளுக்கொரு முப்பரிமாண உருவத்தோடு (அவதார்) மெய்நிகர் உலகங்களில் கூடிப் பழகும் இணையத் தளம்; படம் எடுக்க அதற்குள்ளேயே ஒரு கேமரா உண்டு. அங்கே பத்துப் பேர் ஒன்றாக நின்று படம் எடுக்கிறார்கள். பத்துப் பேரும் ஆளுக்கொரு கேமராவில் அழுத்தினால், பத்துப் படங்களும் கொஞ்சம் கொஞ்சம் வேறாகத்தான் வரும். நிற்கும் கோணம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. அந்தக் கேமரா பொதுவான ஓர் உலகத்தைப் பதிவதில்லை; உங்கள் கணினி வரைந்து வைத்திருக்கும் உலகத்தைத்தான் இன்னொரு கோணத்திலிருந்து வரைகிறது. பெரும்பாலான சொதப்பல்கள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலாவது, சாம்பல் பொம்மை. மணிக்கணக்கில் செய்த அவதாரோடு நண்பர் வந்து நிற்கிறார். உங்கள் படத்திலோ அவர் இடத்தில் ஏதோ ஓர் உருவம். அவருடைய அவதார் கனமானது என்று உங்கள் பாதுகாப்பு அமைப்பு தடுத்திருக்கும், அல்லது அவருடைய நம்பிக்கைத் தரம் (பயனருக்கு வீஆர்சாட் தரும் படிநிலை) குறைவு என்பதால் ஷேடர் (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரல்), ஒளி, துகள்களை அணைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கும் தெரியாது. படம் எடுக்கும் முன் அவரைத் தேர்ந்தெடுத்து 'அவதாரைக் காட்டு' என்பதை அழுத்துங்கள். ஒரே நேரத்தில் எத்தனை அவதார் காட்ட வேண்டும், எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும் என்ற வரம்புகளையும் ஒருமுறை பாருங்கள். பின்வரிசையில் ஆள் காணாமல் போவது இவற்றால்தான். கணினி இல்லாமல் தனி ஹெட்செட்டில் விளையாடுபவருக்கு வேறு சிக்கல்: கணினிக்கு மட்டும் ஏற்றப்பட்ட அவதாரை அவரால் பார்க்கவே முடியாது. குழுப்படம் எடுக்கும் வேலையைக் கணினிக்காரரிடம் விடுவதே நல்லது.

'மூணு, ரெண்டு, ஒண்ணு' எண்ணிக்கை அடுத்த பொறி. உங்கள் குரல் அவர்களைச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அவர்கள் கை தூக்கியது உங்களுக்கு வரவும் நேரமாகும். 'ஒண்ணு' என்றதும் அழுத்தினால் கைகள் பாதி வழியில் நிற்கும். எண்ணி முடித்து ஒரு நொடி பொறுங்கள். இல்லாவிட்டால் கேமராவிலுள்ள டைமரை வைத்துவிட்டு நீங்களும் வரிசையில் போய் நில்லுங்கள். அவதார்கள் தாமாகவே கண் சிமிட்டும் என்பதால் மூன்று நான்கு படம் எடுத்தால்தான் எல்லோர் கண்ணும் திறந்த ஒன்றாவது கிடைக்கும். எல்லோரும் எங்கோ பார்க்கிறார்களா? கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். 'லுக் அட் மீ' பொத்தான் அவர்களைத் திருப்பாது; கேமராவைத்தான் உங்கள் பக்கம் திருப்பும்.

பின்னணி மங்கலில்தான் ஆசை அதிகம், சேதமும் அதிகம். மங்கலைக் கட்டுப்படுத்தும் அப்பர்ச்சர் அளவு 1.4 முதல் 32 வரை போகும். எண் குறையக் குறைய மங்கல் கூடும். நேராக 1.4-க்கு இழுத்துவிடுகிறார்கள். மூக்கு தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். அதைவிடக் குழப்புவது, முகம் தெளிவாக இருக்க முடி மட்டும் பின்னணியோடு கரைந்துபோவது. மங்கல் விளைவு ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழத் தகவலை நம்பி நடக்கிறது. முடி, கண்ணாடி, மெல்லிய துணி போன்றவற்றுக்கு ஒளிபுகும் ஷேடர் போட்டிருந்தால் அவை அந்தத் தகவலில் பதிவதே இல்லை. ஆகவே அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சுவரின் தூரத்தைக் கணக்கில் கொண்டு முடியையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. அப்பர்ச்சர் எண்ணைக் கூட்டுங்கள், அல்லது ஆளைச் சுவருக்கு அருகே நிறுத்துங்கள். இரண்டும் ஒரே தூரத்துக்கு வந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது.

முகத்துக்கு மிக அருகே கேமராவைக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், நெற்றி சரியும். இன்னும் நெருங்கினால் முகமே வெட்டுப்பட்டு உள்பக்கம் தெரியும். இரண்டு அடி பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். சாய்ந்த படங்களுக்கு, கேமராவைத் தானே நேராக்கும் ஆட்டோ லெவல் போதும். அசைவை மென்மையாக்கும் வசதி வீடியோவுக்கானது. அதைப் போட்டுவிட்டுப் படம் எடுத்தால் கேமரா கைக்குப் பின்னால் தவழ்ந்து வரும், சட்டகம் தவறும்.

பின்னணியைப் பிறகு நீக்குவதற்காகக் கேமராவில் போடும் பச்சைத் திரை முன் பச்சை முடிக்காரர் நின்றால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையின் நிறத்தை ஹியூ (நிறச்சாயல்) அளவில் மாற்றலாம் என்பதுதான் பலர் கவனிக்காதது.

கேமராவைத் திறந்து ஓரமாக விட்டுவிட்டு மறப்பதும் உண்டு. ஹெட்செட்டில் இரண்டு கண்ணுக்கும் வரைவதோடு மூன்றாவது காட்சியையும் கணினி வரைந்துகொண்டே இருக்கும். எதிரே முகம் பார்க்கும் கண்ணாடிச் சுவர் இருந்தால் பாரம் மேலும் ஏறும். கூட்டத்தில் திடீரென்று திணறுகிறது என்றால் முதலில் கேமராவை மூடிப் பாருங்கள்.

படம் வழக்கமாக 1920-க்கு 1080 அளவில் பிஎன்ஜி கோப்பாக, கணினியின் பிக்சர்ஸ் அடைவில் வீஆர்சாட் என்ற உள்ளடைவில், மாதவாரியாகச் சேரும். 3840-க்கு 2160 என்று அமைப்புக் கோப்பில் எழுதியும் மாறவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: கோப்பின் பெயருக்குப் பின்னால் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் 'டிஎக்ஸ்டி' (.txt) ஒட்டு, கடைசி வரியில் கூடுதலாக விழுந்த காற்புள்ளி, ஆட்டத்தை மூடித் திறக்காதது. படமே காணவில்லை என்றால், பிக்சர்ஸ் அடைவை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தன் பக்கம் இழுத்துக்கொண்டதா என்று பாருங்கள். அதன் இலவச இடம் 5 ஜிபிதான். 4கே பிஎன்ஜிகள் அதைச் சீக்கிரமே நிரப்பிவிடும்.

வெளியே பகிர்வதாக இருந்தால், கேமராவில் யுஐ-யை (பெயர்ப்பலகை, மெனு போன்றவை) அணைத்து எடுங்கள். இல்லாவிட்டால் எல்லோர் தலைமேலும் பெயர்ப்பலகை தொங்கும். அழைப்பின்பேரில் மட்டும் வரக்கூடிய அறையில் எடுத்ததென்றால், படத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். வீஆர்சாட்டுக்கான துணைச் செயலியான வீஆர்சிஎக்ஸ் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதிலுள்ள ஒரு வசதியை இயக்கி வைத்திருந்தால், எந்த உலகம், யார் யார் உடனிருந்தார்கள் என்பதைப் படக்கோப்புக்குள்ளேயே அது எழுதிவிடும். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டு மூலக்கோப்பை அப்படியே அனுப்பினால் மறைத்த பெயர்கள் அதனோடு சேர்ந்தே போகும்.