மணவாளக்குறிச்சிக் கருமணலில் 1001 கேஇவி காமாக் கோட்டைப் பிடிக்க

தென்மேற்குப் பருவத்து அலை லேசான வெண்மணலை அரித்துக்கொண்டு போனபின் மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணல் பட்டை தெரியும். கறுப்பு இல்மனைட், சிவந்த கார்னெட், நடுநடுவே தேன் நிற மோனசைட் மணிகள். இதில் தோரியம்தான் கொள்ளை, யுரேனியம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அளக்க, யுரேனியம்-238 சிதைவுத் தொடரில் பிறக்கும் புரோட்டாக்டினியம்-234 ஐசோமரின் (சற்று நேரம் நிலைக்கும் கிளர்நிலைக் கரு) 1001 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) காமாக் கோட்டை நம்பலாம்.

இந்த ஐசோமரின் அரை ஆயுள் 1.17 நிமிடம், அதே கருவின் தரைநிலைக்கு 6.7 மணி. தற்சுழற்சி வேறுபாடு பெரிது என்பதால் தரைநிலைக்கு இறங்க வழியின்றி, பெரும்பாலும் பீட்டா உமிழ்ந்து யுரேனியம்-234 ஆகிவிடும். ஓட்டோ ஹான் 1921-இல் இந்த இரட்டையைக் கண்டதுதான் அணுக்கரு ஐசோமர்களின் தொடக்கம்.

மணல் எடுக்க முன்அனுமதி வாங்குங்கள். மோனசைட்டைத் தனியே பிரிக்கவே வேண்டாம். அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள் அது. கலந்த மணலை 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, 1 மி.மீ. சல்லடையில் சலித்து, 100 கிராம் எடைபோட்டு டப்பாவில் அடையுங்கள். ரேடானுக்குப் பின் பிறக்கும் பிஸ்மத்-214-இன் 609 கேஇவி கோடு வேண்டுமென்றால் ரேடான் சமநிலைக்கு 30 நாள் மூடி வைக்க வேண்டும். 1001 கோடு அதே தொடரில் ரேடானுக்கு முன்பே பிறப்பதால் அன்றே எண்ணலாம்.

சோடியம் அயோடைடு படிக உணர்வி இதற்கு உதவாது. தோரியத் தொடரில் வரும் ஆக்டினியம்-228-இன் 911, 969 முகடுகளின் அடியில் 1001 புதைந்துவிடும். உயர்தூய ஜெர்மேனியம் உணர்வி வேண்டும்; யுரோப்பியம்-152 மூலத்தால் 121.8 முதல் 1408 கேஇவி வரை அளவீடு செய்யுங்கள். செயலிழப்பு நேரம் (உணர்வி புதிய கதிரை எண்ண முடியாத நேரப் பங்கு) 5 விழுக்காட்டைத் தாண்டினால் டப்பாவைத் தள்ளி வையுங்கள், ஆனால் அந்தத் தூரத்துக்கான திறனை (உமிழ்ந்த கதிர்களில் எண்ணப்படும் பங்கு) மறுபடி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும். உணர்வியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் அளவைப் பார்க்காமல் உயர் மின்னழுத்தத்தை ஏற்றாதீர்கள், முன்பெருக்கி போய்விடும்.

தோரியம்-234-இன் 63, 93 கோடுகள் வலுவானவை என்று அங்கே போகாதீர்கள். தோரியத்தின் சொந்த எக்ஸ் கதிர் 93.3-இல் நிற்கிறது, கனமணலும் அந்த ஆற்றலை விழுங்கும். 1001-க்குப் பின்னணியை 994–998, 1004–1008 பகுதிகளில் எடுங்கள். வெற்று டப்பாவையும் அதே அளவு நேரம் எண்ணிக் கழியுங்கள்.

கணக்கு இப்படி: 50,000 வினாடியில் நிகர எண்ணிக்கை 2,500, திறன் 0.010, ஒரு சிதைவுக்கான 1001 உமிழ்வு 0.0084, நிறை 0.1 கிலோ என்றால் 2,500 ÷ (50,000 × 0.010 × 0.0084 × 0.1) ≈ 5,950 பெக்கரல்/கிலோ. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) யுரேனியத்துக்கு 12.4 பெக்கரல்/கிலோ என்பதால், 12.4-ஆல் வகுத்தால் யுரேனியம் சுமார் 480 பிபிஎம்.

1460-இல் முகடு கண்டதும் பொட்டாசியம்-40 என்று எழுதிவிடாதீர்கள். இந்த மணலில் அது பெரும்பாலும் ஆக்டினியத்தின் 1459. திறன் திருத்திய 1460 பரப்பிலிருந்து, அதேபோல் திருத்திய 911 பரப்பின் 3 விழுக்காட்டைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மட்டுமே பொட்டாசியம்.